துவைக்காத கோட்டு

மூன்றாவது கூண்டுக்குள் கைவிட்ட பிறகுதான் கவனித்தேன். கோட்டு போடவில்லை. மழையில் நனைந்து ஓடிவந்த அவசரத்தில், கதவுக்குப் பின்னால் தொங்கிய ஓமனா சேச்சியின் வெள்ளைக் கோட்டை எடுக்காமலே எலி அறைக்குள் வந்திருந்தேன்.

எங்கள் எலிகள் எட்டின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று ரத்தக்குழாய்க்குள் போகிறது. கூண்டுக்கு அடியில் உள்ள தட்டு அதன் சமிக்ஞையை வாங்கி அடுத்த அறைக்கு அனுப்பும். எலி தின்றாலும் தூங்கினாலும் அங்கே திரையில் ரத்த அழுத்தம் எட்டுக் கோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் பாதத்தில் லேசர் ஒளிக்கதிர்க் கருவியின் முனையை வைத்து ரத்த ஓட்டத்தையும் அளப்போம். பழக்கமில்லாத ஆள் கதவைத் திறந்தால் போதும், எல்லாக் கோடுகளும் ஒன்றாக எகிறும். பாதத்தில் ஓட்டம் சுருங்கிவிடும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் இடத்தில் பயத்தின் அளவு யாருக்கு வேண்டும்?

சேச்சி திறந்தால் மட்டும் கோடுகள் அசையாது. அவள்தான் எலிகளைப் பார்த்துக்கொண்டாள்.

"ஓமனே, இந்த மருந்தெல்லாம் தண்டம். உன்னையே புட்டியில அடைச்சு வித்துடலாம்" என்பார் என் ஆய்வு வழிகாட்டி ஹரீந்திரன் சார்.

"முதல் புட்டிய எங்க வீட்டுக்காரருக்குக் குடுங்க சார். என்னைப் பார்த்தாலே அவருக்கு ஏறுது."

போன மாதம் நாகம்படம் பாலத்தில் ஸ்கூட்டர் சறுக்கி சேச்சி போய்விட்டாள். மறுநாள் எலிகளுக்குத் தீனி வைக்க நான் போனேன். ஏறிய கோடுகள் சாயங்காலம்வரை இறங்கவில்லை. சார் திரை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு சேச்சியின் கோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"எலிக்குக் கண்ணு மங்கல் ஸ்மிஜா. அதுக்கு வாசனைதான் ஆளு. இதைப் போட்டுக்கிட்டுப் போய்ப் பாரு. துவைச்சுடாதே."

போட்டுக்கொண்டு போனேன். கோடுகள் லேசாக எழும்பி, அடங்கின. அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். எலிகளைப் பொறுத்தவரை சேச்சி வேலைக்கு வந்துவிட்டாள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு சேச்சியின் கணவர் சுகதன் வந்தார். அரசுப் பேருந்தில் நடத்துனர். காக்கிச் சட்டையோடு வாசலிலேயே நின்றார்.

"மோளே, அவளோட கோட்டு இங்க இருக்கா?"

"இருக்கு சேட்டா."

"வீட்டுல துணி ஒண்ணு விடாம எங்கக்கா அலசிப் போட்டுட்டா. தீட்டாம். தலையணை உறைகூட மிச்சமில்ல. நான் டூட்டி முடிஞ்சு வந்து படுக்கறேன், வீடு பூரா சோப்பு வாசனை. அவ எங்கேயும் இல்ல."

கோட்டின் வாசனைக்கு எலிகளின் கோடுகள் அடங்குவதைச் சார்தான் அவருக்கு விளக்கினார். இன்னும் சில வாரம்தான். ஆய்வு முடிந்ததும் கொடுத்துவிடலாம். இப்போது எடுத்தால் இந்தப் பெண்ணின் மூன்று வருட உழைப்பு வீணாகிவிடும். சுகதன் என்னைப் பார்த்தார். கொடுத்துவிடலாம் சார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எலிக்கு வேணும்கறீங்க. சரி. அவ இருந்தாலும் அதுங்களுக்குத்தான் முதல்ல குடுப்பா, எனக்கு அப்புறம்தான்." சிரிக்க முயன்றார். "பத்திரமா வச்சுக்க மோளே."

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். தினமும் போட்டுக்கொண்டேன்.

இப்போது மூன்றாவது கூண்டை மூடிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினேன். எட்டுக் கோடுகளும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தன. நான் கதவைத் திறந்த நேரத்துக்குத் திரையைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஒரு சின்ன மேடுகூட இல்லை.

"அடடே! உன்னை ஏத்துக்கிச்சு பாரு" என்று சார் கை தட்டினார். "இனிமே கோட்டு வேண்டாம். பாவம் அந்த மனுஷன், இன்னைக்கே கூப்பிட்டுக் குடுத்துடு."

எனக்குச் சந்தோஷமாக இல்லை. கோட்டை எடுத்துக் கழுத்துப் பக்கம் முகர்ந்தேன். எந்த வாசனையும் வரவில்லை. கக்கத்தில் முகர்ந்தேன். இல்லை. தன் வாசனை தனக்குத் தெரியாது. எலிகள் என்னை எங்கே பழகின? இந்தக் கோட்டில்தான்.

மத்தியானம் சுகதன் வந்தார். டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே இரண்டு கைகளையும் நீட்டிக் கோட்டை வாங்கினார். திரும்பி நின்று முகத்தை அதில் புதைத்தார். முதுகு ஏறி இறங்கியது. பிறகு கோட்டைப் பிரித்து உள்பக்கம், தோள், மடிப்பு விழுந்த கை என்று ஒவ்வோர் இடமாகத் தேடினார். நின்றார்.

"மோளே, நீ என்ன சோப்பு போடற?"

சொன்னேன்.

"ம்" என்றார். "நல்ல சோப்புதான்."

கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. அவர் கோட்டைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். நெஞ்சில் பொத்தான் போட முடியவில்லை. மடித்துவிட்ட கைகளை நீட்டிவிட்டார்.

"நான் பஸ்ஸுல டீசல் புகையிலயே கிடக்கறவன். என் மூக்கு செத்துப்போச்சு. அதுங்களுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும்ல? ஒரு தடவ உள்ள போய் நிக்கட்டுமா? அவ இருந்தா அந்த மிஷின்ல தெரியும்ல?"

இன்றைய பதிவு முழுக்கக் கெடும். சார் சாப்பிடப் போயிருந்தார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த அறையில் திரைக்கு முன்னால் வந்து நின்றேன். முதல் கோடு எகிறியது. பிறகு இரண்டாவது. பிறகு எல்லாம், திரையின் மேல்விளிம்பைத் தொடும்வரை. நான் காத்திருந்தேன். இறங்கவில்லை.

இரண்டு அறைகளுக்கும் நடுவில் கண்ணாடி. அவருக்கு அங்கிருந்து திரை தெரியாது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், புருவத்தை உயர்த்தி.

நான் தலையசைத்தேன். ஆமாம் என்று.

அவர் கூண்டுகளுக்கு முன்னால் மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். கோட்டின் முதுகுத் தையல் விரிந்தது. எதையோ பேச ஆரம்பித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.