பித்தளை ஆணி

மோட்டார் ஓடியது; கீழே தொங்கிய கொக்கி மட்டும் அசையவில்லை. ரிப்பேர் பார்க்க வந்த அரசப்பன் மிஷினின் தலையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்தவன் பொறுப்பில் கரண்டை விட்டுவிட்டு உள்ளே விரல் விடுகிற ஆளில்லை அவர்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சமையல் சாமான் அது. கேக்குக்கு மாவு அடிக்கிறது. கேன்டீன் கான்ட்ராக்டர் ராஜமாணிக்கம் அதில் பரோட்டாவுக்கு மைதா பிசைய விட்டிருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எழுபத்துநாலில், அரசப்பனின் மனைவி ரோசம்மாள் இங்கேதான் பாத்திரம் கழுவினாள். சர்க்கரை குறைகிறது என்று ராஜமாணிக்கம் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், நூறு ஆம்பிளைகளுக்கு முன்னால் அவளை முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். உதறினாள். ஒன்றும் விழவில்லை. "சரி, போ" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே. அன்றிலிருந்து ரோசம்மாள் பொன்னேரி சந்தைக்குக்கூடப் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே முந்தானையைக் கழுத்துவரை சுற்றி ஊசி குத்திக்கொண்டு நடமாடுகிறாள்.

அரசப்பன் மிஷினின் தலையைக் கழற்றினார். பல்சக்கரங்கள் நன்றாக இருந்தன. கொக்கியைத் தண்டோடு பிடிக்கிற ஆணிதான் முறிந்திருந்தது. பித்தளை. இறுக்கம் கூடினால் சக்கரத்தைக் காப்பாற்றத் தான் முறிகிற மாதிரி இளக்கமாகச் செய்த ஆணி.

"இன்னாயா, தேறுமா? சாய்ந்தரம் டைரக்டர் வர்றாரு, பேஜார் பண்ணாத" என்றார் ராஜமாணிக்கம்.

"தேறும்."

அவர் அந்தப் பக்கம் போனதும் அரசப்பன் பையிலிருந்து உடைந்த ட்ரில் பிட் துண்டு ஒன்றை எடுத்தார். கெட்டி எஃகு. இது முறியாது. இன்றைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும். நாலாம் நாள் கெட்டி மாவில் பற்கள் பொடிப்பொடியாகும். அந்தச் சக்கரம் இந்த நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காது. எஃகை அடித்து இறக்கினார். நெஞ்சு குளிர்ந்தது.

தலையை மாட்டிப் பிளக்கைச் செருகினார். மாவு பிசையும் கங்கம்மாள் மைதாவைக் கொட்டினாள். மிஷின் சுற்றியது. மாவு கொக்கியில் மேலே ஏறியதும் அவள் எங்கேயோ பார்த்தபடி கையை உள்ளே விட்டு அமுக்கினாள்.

"ஏய், கை!"

"இன்னாண்ணா கத்தற? அமுக்காட்டி மாவு சேராது. தெனம் இப்டித்தான். நேத்து வளையல் மாட்டிக்கினு கைய இழுத்துச்சு. நல்லவேள, உள்ள இன்னாமோ ஒடஞ்சி நின்னுடுச்சி."

அரசப்பன் பிளக்கைப் பிடுங்கினார். எஃகை வெளியே தட்டி எடுத்து, பித்தளைக் கம்பியை அராவி அந்த இடத்தில் செருகினார். அராவ அராவ ஆத்திரம் கூடியதே தவிர அடங்கவில்லை. சக்கரம் போனால் ராஜமாணிக்கத்துக்கு என்ன, வேறு மிஷின் வாங்குவான். அவன் கூனிக் குறுக வேண்டும். அதை நாலு பேர் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்தது. பெஞ்சுகள் நிறைந்தன. அரசப்பன் மிஷினை ஓடவிட்டார்.

"முடிஞ்சுதா?" ராஜமாணிக்கம் வந்தார்.

"டெஸ்ட் பாக்கணும். கைய வுட்டு மாவ அமுக்கு."

"நானா? இன்னாயா, கொழுப்பா?"

"கங்கம்மா தெனம் பண்றா. உள்ள இருக்கிறது பித்தளன்னா ஆணி ஒடையும், கை பொழைக்கும்."

"இல்லாட்டி?"

"எஃகுன்னா ஒடையாது."

ராஜமாணிக்கத்தின் குரல் இறங்கியது. "நீ இன்னா போட்டுக்கீற?"

"அமுக்கிப் பாரு. முடியாதுன்னா சொல்லு, கழட்டிக்கினு போறேன். டைரக்டருக்குப் பரோட்டாவ நீயே பெசஞ்சி போடு." அரசப்பன் குரலை உயர்த்தினார். "எம்பொண்டாட்டி இதே எடத்துல உதறிக் காட்டினா இல்ல?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்: "வுடு நைனா, கைய வுடு!" சிரிப்பு எழுந்து உடனே நின்றது.

ராஜமாணிக்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். அரசப்பன் சுவிட்சை விட்டு இரண்டடி தள்ளிப்போய்க் கைகளைக் கட்டிக்கொண்டார். கொக்கி சுற்றிக்கொண்டிருந்தது. சட்டிக்கு ஒரு சாண் மேலே நின்ற ராஜமாணிக்கத்தின் விரல் மயிரில் மைதாத் தூள் வெள்ளையாகப் படிந்தது. ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.