எனக்கு விழுந்த மூன்று ஓட்டு

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ‘கிளாடிஸ் என் உயிர்த்தோழி’ என்று ஆரம்பித்தேன், அடித்துவிட்டேன். ‘கிளாடிஸ் என்னைவிடக் குறைவாகப் படித்தவள்’ என்று ஆரம்பித்தேன். அது பொய். [இதையும் அடித்திருக்க வேண்டும். கிடக்கட்டும்.]

2.
அடையாறில் ஒரு கல்லூரி. இருபத்திரண்டு வருடமாக நானும் கிளாடிஸும் அங்கே அமெரிக்க இலக்கியம் நடத்துகிறோம். நான் மயிலாப்பூர், அவள் சாந்தோம். அடிமைகளின் தன்வரலாறுகளையும் வாக்குரிமைப் போராட்டங்களையும், அந்த நாட்டை ஒருமுறைகூடப் பார்க்காமலே, தெருப்பெயர் உட்பட ஒப்பித்தோம்.

போன வருடம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் எங்கள் துறையிலிருந்து ஒருவரை ஓராண்டு ஆய்வுக்கு அழைத்தது. நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம்.

“ஜனநாயகம் பாடம் எடுக்கறோம். ஓட்டே போட்டுடலாமே” என்றார் துறைத்தலைவர் ஃபிரெட்ரிக்.

ரகசிய வாக்கெடுப்பு. எங்களையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். அவளுக்கு நான்கு, எனக்கு மூன்று.

3.
(இந்த இடத்தில் கதைசொல்லி பெருந்தன்மையாகக் கைகுலுக்குகிறாள். குலுக்கினேன்தான். அப்போது என் மனத்தில் ஒரு... வேண்டாம்.)

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கிளாடிஸ் கேட்டாள்:

“கோவமா, காமு?”

“எதுக்குக் கோவம்? நான் உனக்குத்தான் போட்டேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் உனக்குப் போட்டேன்டி.”

நான் எனக்கேதான் போட்டிருந்தேன். ஆக, அந்த மூன்றில் ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. மீதி ஐந்து பேரில் ஒரே ஒருவர்தான் என்னை நினைத்திருக்கிறார். அவள் ஜெயித்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். எனக்கு ஓட்டுப் போட்டுவிட்டு ஜெயித்தாளே, அதுதான் எரிந்தது. பயணமும் அவளுக்கு, நல்லவள் என்ற பெயரும் அவளுக்கு.

4.
முடிவு ஒன்று: அவளுக்கு விசா கிடைக்கவில்லை, நான் போகிறேன். எழுதும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டு: விமான நிலையத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிஜத்தில் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், “ஸ்வெட்டர் எடுத்துண்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

5.
ஞாயிறுதோறும் அங்கிருந்து கூப்பிடுவாள்.

“என்ன எழுதற இப்போ?”

“ஒரு கதை.”

“முடிச்சதும் எனக்குத்தான் முதல்ல அனுப்பணும், சொல்லிட்டேன்.”

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் எப்போதும் அவள்தான். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் இது இரண்டு தோழிகளின் கதையாகிவிடும். எடுத்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். பிறகு அந்த வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

மூன்று ஞாயிறு போய்விட்டது. போன் வரவில்லை.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. கிளாடிஸ் இடத்தில் நீங்கள் இருந்தால் கூப்பிடுவீர்களா?