பில்டர் இல்லாமல் ஓடிய மூன்று கிழமை

கொக்கட்டிவட்டை யானைக் காவல் சங்கத்துக்கு ஒரு ஜீப் இருந்தது. அந்த ஜீப்புக்கு ஒரு தலைவர், இரண்டு உபதலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு போஷகர் இருந்தார்கள். ஓட்டுவதற்கு ரதீஸ் ஒருவன். பழுது பார்ப்பதற்குச் செங்கலடிச் சந்தியில் கராஜ் வைத்திருந்த ஜெயராஜா பாஸ் ஒருவர். மற்ற எல்லோரும் ஜீப்புக்கு முன்னால் நின்று படம் எடுப்பதற்கு.

பின்னேரங்களில் வேளாண்மைக்குள் இறங்க வரும் யானைகளை வெடி போட்டும் ஹோர்ன் அடித்தும் காட்டுப்பக்கம் திருப்பி விடுவதே ஜீப்பின் வேலை. வரம்போரப் பாதைகளில் சிறுபோகக் காலம் முழுக்கப் புழுதி. கச்சான் காற்று எழும்பினால் முன்னால் போகிற மாடு பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

தலைவர் கோணாமலை அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். கந்தோர்தான் அவரிடமிருந்து இன்னும் ஓய்வுபெறவில்லை. ஒரு நாள் அவர் கொழும்பிலிருந்து வரவழைத்த சிவப்பு நிறக் கூம்பு ஒன்றைக் கொண்டுவந்து ஜெயராஜாவின் மேசையில் வைத்தார்.

"பாஸ், இதுதான் இனி நம்மட எயார் பில்டர். பந்தயக் கார்காரன் எல்லாம் இதத்தான் போடுறான். சத்தம் சிங்கம் மாதிரி வருமாம்."

"தலைவர், நம்மட யானை சிங்கத்தக் கொடியிலகூடக் கண்டிருக்காது. எப்பிடிப் பயப்படும்?"

"பகிடி விடாதீங்க. நவீன தொழில்நுட்பம்."

"பந்தயக் கார் தார் ரோட்டுல ஓடுது. இது வயல் வட்டைக்குள்ள ஓடுது. அங்க பறக்கிற புழுதி கோதுமை மா மாதிரி. இந்தச் சிவப்புத் தொப்பிக்குள்ளால தேங்காப்பால் வடியிற மாதிரி உள்ள போயிரும். எஞ்சினுக்குள்ள போன புழுதி அரத்தூள்தான், இரும்பத் தேச்சுரும். நமக்கு மூடின பெட்டிக்குள்ள கடதாசிப் பில்டர் போதும்."

கோணாமலை சிவப்புக் கூம்பைத் திருப்பிக் கொண்டுபோய் வீட்டு அலுமாரியில் வைத்தார். வந்தவர்களுக்கு இப்போதும் காட்டுகிறார்.

ஜெயராஜா கடதாசிப் பில்டர் இரண்டு வைத்திருந்தார். ஒன்று ஜீப்பில் இருக்கும், மற்றது சுத்தம் செய்யப்பட்டு கராஜ் அலுமாரியில் இருக்கும். ஊத்தைப் பில்டரை மற்றவர்கள் செய்வதுபோல அவர் டயரில் அடிக்க மாட்டார். விளிம்பு நெளிந்தால் புழுதிக்கு அது வாசல். உள்ளங்கையில் மெல்லத் தட்டுவார். பிறகு கொம்பிரசரின் காற்றைக் குறைத்து, உள்ளேயிருந்து வெளியே ஊதுவார். கடைசியில் இருட்டு மூலைக்குப் போய்ப் பில்டருக்குள் ஒரு பல்பை விட்டு, ஊசித்துளை வெளிச்சமாவது தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். மனைவி மார்கிறட் அதைப் பார்த்து, "எனக்கு ஸ்கேன் எடுக்கிற டொக்டர்கூட இவ்வளவு நேரம் பாக்கல்ல" என்பாள்.

எஞ்சின் சம்பந்தமாக ஒரு பிழையான சொல் காதில் விழுந்தால் அவருக்குப் பொறுக்காது. செத்தவீட்டில் ஒருவர் கியர் ஒயிலைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட, சவப்பெட்டி எடுக்கும் நேரத்தில் நின்று திருத்தியவர்.

கோணாமலையோ கொப்பியில் நம்பிக்கை வைத்தவர். ஜீப்புக்கென்று இருபத்துநாலு நிரல் கொண்ட ஒரு நாளாந்தப் பரிசோதனைக் கொப்பி அச்சடித்திருந்தார். ஒன்பதாம் நிரல்: எயார் பில்டர் பார்க்கப்பட்டது, சரி. ரதீஸ் தினமும் காலையில் இருபத்துநாலு கையெழுத்து வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடலாம். இருபத்துநாலையும் உண்மையாகப் பார்த்தால் யானை அறுவடையை முடித்துவிட்டுப் போயிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், கோணாமலையைத் தவிர.

அறுவடை தொடங்குவதற்கு முதல்நாள் ஜெயராஜா ஊத்தைப் பில்டரைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, ஈரத்துணியால் பெட்டியின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் கோணாமலை படம் எடுக்க ஒருவரோடு வந்து இறங்கினார். சங்கத்தின் ஆண்டு மலருக்குப் படம் வேண்டுமாம்.

"பொனட்ட மூடுங்க பாஸ், உள்ள ஊத்தையாத் தெரியுது. கைய மேல வையுங்க. அப்பிடியே தூரப் பாருங்க."

"தூர என்னத்தப் பாக்கிற?"

"எதிர்காலத்தப் பாருங்க."

எதிரே கோழிக்கடைதான் இருந்தது. பெட்டியின் மூடியைக் கிளிப் போட்டு, பொனட்டை இறக்கி, ஜெயராஜா கோழிக்கடையைப் பார்த்தார். பதினொரு படம். கடைசிப் படம் முடிந்ததும் "யானை இறங்கிட்டாம்" என்று போன் வர, ரதீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தான். சுத்தமான பில்டர் அலுமாரியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், ஜீப் கராஜ் பக்கம் வரவில்லை. ஆனால் அதன் புகழ் வந்தது. மூச்சை மறிக்க ஒன்றுமே இல்லாத எஞ்சின் கொஞ்ச நாளைக்கு நல்லாய்த்தான் இழுக்கும். "பாஸ்ட கை பட்ட பிறகு ஜீப்பு ஓடல்ல, பறக்குது" என்று கோணாமலை ஊரெல்லாம் சொன்னார். ஆண்டு விழாவில் தனக்குப் போர்த்தப்போகும் பொன்னாடைக்குத் துணையாக இன்னொரு பொன்னாடை அவருக்குத் தேவைப்பட்டிருந்தது. 'இயந்திர மருத்துவச் செம்மல்' என்ற பட்டத்தை ஜெயராஜாவுக்காகத் தானே இயற்றி அழைப்பிதழில் அடித்தார்.

ஜெயராஜா அந்தப் பட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தவர் தன் பெயர் இருந்த வரியை நாலு தரம் வாசித்தும் இருந்தார். முப்பது வருடமாக இந்தச் சந்தியில் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. மார்கிறட் கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்து வெள்ளைச் சேட்டை அயர்ன் பண்ணினாள்.

விழாவுக்கு முதல்நாள் வேறெதையோ தேடி அலுமாரியைத் திறந்தார். ஒரு பில்டர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன.

அவருக்கு உடனே விளங்கியது. கையில் போன் இருந்தது. ரதீஸுடைய நம்பர் மேலேயே இருந்தது. 'வண்டிய நிப்பாட்டு மனே, ஸ்டார்ட் பண்ணாத' என்று சொல்ல அரை நிமிடம் போதும். அயர்ன் பண்ணின வெள்ளைச் சேட் கதவில் தொங்கியது.

மறுநாள் விடிய, மண்டபத்துக்கு முன்னால் மாலை போட்டு நின்ற ஜீப்பிடம் போய், ஒயில் பார்ப்பதாகச் சொல்லிப் பில்டரை வைத்துப் பூட்டினார். வைக்குமுன் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் மா போலப் புழுதி ஒட்டியது. பைப்படியில் கையைக் கழுவினார். பிறகு மேடைக்குப் போனார்.

இரண்டு கிழமைக்குள் ஜீப் நீலப் புகை விடத் தொடங்கியது. ஒயில் குடித்தது. ரதீஸ் கொண்டுவந்தான்.

"காலமைல ஸ்டார்ட் எடுக்குதில்ல பாஸ். தள்ள வேண்டிக் கிடக்கு."

"றிங் தேய்ஞ்சிருக்கும் மனே. அறுவடை முடியட்டும், எஞ்சினக் கழட்டுவம்."

"ஏன் பாஸ் தேய்ஞ்ச?"

"புழுதி."

"ஓம், புழுதிதான்."

ரதீஸ் உடனே போகவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, ஏதோ வாங்க வந்தவன்போல, முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். ஜெயராஜா குனிந்து ஒரு நட்டைத் தேடினார். நட்டு எதுவும் விழுந்திருக்கவில்லை.

"அப்ப வாறன் பாஸ்."

விழா முடிந்து பத்தொன்பதாம் நாள் பின்னேரம், குளக்கட்டுக்குக் கீழே தனி யானை ஒன்று திரும்பி நின்றது. ஜீப் அணைந்து, பிறகு எடுக்கவில்லை. கூடப் போன இருவரும் குதித்து ஓடிவிட்டார்கள். ரதீஸ் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு.

செத்தவீட்டில் கோணாமலை முக்கால் மணி நேரம் பேசினார். எஞ்சின் நின்றதற்குக் காரணம் பூகோள வெப்பமயமாதல் என்றார். உலகத் தலைவர்கள் பதில் சொல்லவேண்டும் என்றார். உலகத் தலைவர்கள் யாரும் வந்திருக்கவில்லை. தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் பேச்சு வேறாக இருந்தது. "வண்டிய டிரைவர்தானே பாத்திருக்கணும்" என்றார்கள். அதைக் கேட்ட ஜெயராஜா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினார்.

பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாதர் மன்னித்தார். ஆனால் பாதர் அந்த ஜீப்பில் ஏறியவர் அல்ல.

ரதீஸின் முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் நினைவுக் கூட்டம் வைத்தது. ஜீப் நின்ற காரணத்தை விசாரித்து அறிக்கை எழுதுவதும் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அன்று காலை ஜெயராஜா ரதீஸின் வீட்டுக்குப் போனார். அவனுடைய மனைவி அஜந்தா பைப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாஸ். இரிங்க."

அவர் இருக்கவில்லை. "பிள்ள, ஜீப்பு அண்டைக்கு நிண்டது என்னால" என்று தொடங்கி, படம் எடுத்தது, அலுமாரி, மாலை போட்ட ஜீப், குழாய்க்குள் விட்ட விரல் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். அஜந்தா பைப்பைப் பூட்டினாள்.

"தெரியும் பாஸ்."

அவருக்கு விளங்கவில்லை.

"அவர் கண்டவர். உங்கட விழாவுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன. பெட்டியத் திறந்தா ஒண்டுமில்லயாம், வந்து சிரிக்கார். 'பாஸ் மறந்துட்டார்கா, இப்பச் சொன்னா தலைவர் அந்த மனிசன்ட மானத்த வாங்கிருவார். ஒரு நாளும் ஒண்டும் கிடைக்காத மனிசன், சனிக்கிழம விழா முடியட்டும், அதுமட்டும் மெல்ல ஓட்டுறன்' எண்டார். ஞாயித்துக்கிழம பாத்தா பில்டர் இரிக்கி. 'தானே வச்சிட்டார், தானே சொல்லுவார், நான் கேட்டா வெக்கப்படுவார்' எண்டு பாத்துக்கு இரிந்தார்."

"நான் சொல்லல்ல பிள்ள."

"ஓம். நீங்க சொல்லல்ல."

அவள் குரல் உயரவில்லை.

"இண்டைக்குக் கூட்டத்துல சொல்லப்போறன். எல்லாருக்கும் முன்னால. பில்டர் இல்லாம மூணு கிழம ஓடினது என்ட பிழை எண்டு. ரதீஸ இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது."

"சொல்லுவீங்க. சொன்ன உடன அந்தக் கொப்பியக் கொண்டு வருவாங்க. ஒம்பதாம் நிரல்ல ஒவ்வொரு நாளும் அவர்ர கையெழுத்து இரிக்கி. பில்டர் பாத்தது, சரி. அந்த மூணு கிழமயும் இரிக்கி. பெட்டி வெறுமையா இரிந்ததெண்டு நீங்க சொன்னா, அந்தக் கையெழுத்துப் போட்டவருக்கு என்ன பேர் வைப்பாங்க பாஸ்?"

அந்தக் கொப்பி அவருடைய நினைவில் வந்திருக்கவே இல்லை.

"பாக்காம ஒப்பம் வச்ச டிரைவர் எண்டுவாங்க. கண்டும் ஒளிச்சவன் எண்டுவாங்க. உங்களக் காக்கத்தான் ஒளிச்சவர் எண்டு நான் ஆரிட்டச் சொல்ற? என்ட பிள்ள இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகணும்." ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள். "தலைவர் வெக்கை எண்டு சொல்றார்தானே. வெக்கையாவே இரிக்கட்டும்."

"எனக்கு இதோட இரிக்கேலாது பிள்ள."

"எனக்கு மட்டும் ஏலுதா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி பைப்பைத் திறந்தாள்.

பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. கோணாமலை வெப்பமயமாதலை விளக்கினார். துருவப் பனி உருகிக் கொக்கட்டிவட்டையை வந்தடைவதற்கு இருபது நிமிடம் எடுத்தது. அப்போது பின்வரிசையில் ஒருவர் எழும்பினார்.

"அதெல்லாம் சரி தலைவர். டிரைவர்ல பிழையா, இல்லயா? எஞ்சின் தெரிஞ்ச மனிசன் சொல்லட்டும். பாஸ் சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. கோணாமலை பட்டத்தோடு பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார். ஜெயராஜா ஏறி, மைக்கைப் பிடித்தார். கொப்பி மேசையில் கிடந்தது. முன்வரிசையில் அஜந்தா மகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"டிரைவர்ல ஒரு பிழையும் இல்ல" என்றார். இதுவரை உண்மை. "வெக்கைதான். அண்டைக்கு இரிந்த வெக்கைக்கு எந்த எஞ்சினும் நிக்கும்."

கோணாமலையின் முகம் மலர்ந்தது. கைதட்டினார். இரண்டு உபதலைவர்களும் தட்டினார்கள், பிறகு மண்டபமும் தட்டியது. கேள்வி கேட்டவர் தலையாட்டிவிட்டு இருந்துகொண்டார். பாஸ் சொன்னால் சரி.

ரதீஸ் செத்த அன்று பின்னேரம் வாவிப்பக்கமிருந்து நல்ல குளிர்காற்று வீசியது ஜெயராஜாவுக்கு ஞாபகம் இருந்தது. கராஜ் கதவை ஒரு கல் வைத்துத்தான் நிறுத்தியிருந்தார்.

செயலாளர் அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பாஸ், வெக்கை எத்தினை பாகை எண்டு போடுற?"

"முப்பத்தெட்டு."

"புள்ளிக்குப் பிறகு?"

ஜெயராஜா முன்வரிசையைப் பார்த்தார். குழந்தை தாயின் வளையலை இழுத்துக்கொண்டிருந்தது.

"புள்ளி அஞ்சு" என்றார்.