நாற்காலிக்கு ஒரு அறை

அத்தான் தன் முன்னால் குவிந்திருந்த பொத்தான்களை இரண்டு கைகளாலும் அணைத்து மேஜையின் நடுவுக்குத் தள்ளினார். சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், எந்தக் காலத்துக் கவுனிலிருந்தோ கழன்று விழுந்த முத்துப் பொத்தான், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் உருண்டோடிப் போய் சர்க்கரை டப்பாவில் இடித்து நின்றது. அதையும் விடாமல் எடுத்துக் குவியலில் போட்டார். மனிதர் எதிலும் கச்சிதம்.

"மொத்தமும்," என்றார்.

அத்தான் என்பது என் கணவரின் அண்ணன். எங்களுக்கு பேக்கரித் தொழில். கீழே கடையும் அடுப்பும், மேலே நாங்கள் எல்லோரும். மாவும் அடுப்பும் அத்தான் பொறுப்பு. கல்லாவும் வெளிவேலையும் என் வீட்டுக்காரர். கடையில் நிற்பது அத்தானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். விடிகாலையில் அத்தானோடு அடுப்படியில் நின்று, அவர் எடுத்துத் தருகிற ரொட்டியை வாங்கித் தட்டில் அடுக்குவது நான். எங்கள் எல்லோரையும் அதட்டுவது மாமியார். அதற்குச் சம்பளம் கிடையாது, ஆனாலும் அவர் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

இந்த வீட்டில் பேசித் தீராத விஷயத்தை போக்கர் ஆடித் தீர்ப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மாமனார் கப்பலில் சமையல் வேலை பார்த்தவராம். அங்கே கற்றுக்கொண்ட ஆட்டம். "வாயால சண்ட போட்டா மாசக்கணக்கா மூஞ்சிய தூக்கி வச்சுக்குவீங்க. சீட்டால போடுங்க, சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்பாராம். யாருக்குள் தகராறோ அந்த இரண்டு பேர் மட்டும் ஆட வேண்டும். ஆளுக்கு ஒரு கிண்ணம் பொத்தான். யாராவது ஒருவர் கையில் பொத்தான் தீர்கிறவரை ஆட்டம். சீட்டுப் போடுவது மாமியார். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. தோற்றவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்றைய தகராறு மாடியில் காலியாகக் கிடக்கும் தெருப்பக்கத்து அறைக்காக. பெரிய ஜன்னல், உள்ளேயே தண்ணீர்க் குழாய், வெளியிலிருந்து ஏறிவரத் தனிப் படி. அத்தானுக்கு அதில் மாவு மூட்டை அடுக்க வேண்டும். எனக்கு அதில் என் நாற்காலியைப் போட வேண்டும்.

நான் முடி வெட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பார்லரில் வேலை பார்த்தேன். என் கைக்கென்றே காத்திருந்து வெட்டிக்கொண்டு போவார்கள், தற்பெருமை இல்லை, உண்மை. அந்தப் பார்லரை மூடியபோது முதலாளியம்மா ஒரு நாற்காலியை எனக்கே கொடுத்துவிட்டார். காலால் மிதித்தால் உயரும், தொட்டால் சுழலும். அது இப்போது குளியலறைக்கு வெளியே நடையில் நிற்கிறது, எல்லோரும் ஈரத் துண்டு போடுவதற்கு. வீட்டில் அதன் பெயரே துண்டு நாற்காலி. "என் துண்டு எங்க?" "துண்டு நாற்காலில பாரு." ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்கு வயிறு எரியும். மூட்டைகள் நாளைக் காலையில் வந்து இறங்கும். இறங்கிவிட்டால் என் நாற்காலிக்குக் கடைசிவரை அந்த நடைதான்.

மேஜை நடுவில் ஐந்து சீட்டு மல்லாந்து கிடந்தன. அவை இரண்டு பேருக்கும் பொது. ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் நாலு, கிளாவர் ஒன்பது, ஸ்பேடு ரெண்டு, கடைசியாக விழுந்த ஆர்ட்டின் ஜாக்கி. என் கையில் மறைத்து வைத்திருந்தது ஒரு ஏஸும் ஒரு ஒன்பதும். ஒன்பதும் ஒன்பதும் சேர்ந்து ஒரு ஜோடி. ஒன்றுமில்லாததற்கு அது மேல், அவ்வளவுதான். அத்தான் கையில் ஒரு ராஜா இருந்தால் நான் காலி. ஒரு ஜாக்கி இருந்தாலும் காலி. இரண்டு ஆர்ட்டின் இருந்தால் கேட்கவே வேண்டாம், ஐந்து ஆர்ட்டின் சேர்ந்து என்னைத் துடைத்துவிடும். கையில் சரக்கே இல்லாமல் மிரட்டுகிறார் என்றால் மட்டும்தான் நான் ஜெயிப்பேன்.

சீட்டைக் கவிழ்த்துவிட்டால் நடுவில் கிடப்பது அவருக்குப் போகும், ஆனால் என்னிடம் பாதிக் கிண்ணம் மிஞ்சும், ஆட்டமும் தொடரும். 'பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டால் அவர் தள்ளிய அளவுக்கு நானும் தள்ள வேண்டும், பிறகு இரண்டு பேரும் சீட்டைத் திருப்ப வேண்டும். தோற்றால் என்னிடம் ஏழெட்டுப் பொத்தான்தான் மிஞ்சும், ஒரு சட்டைக்குத்தான் ஆகும். ஜெயித்தால் அவரிடம் ஒன்றும் இருக்காது. அறை என்னுடையது.

நான் கவிழ்க்கிறவள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அத்தானுக்கு நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் கடையை அடைக்க வேண்டும் என்று ஆடினேன், கவிழ்த்துக் கவிழ்த்தே தோற்றேன். அதனால்தான் ஞாயிறான இன்றைக்கும் காலையில் ரொட்டி போட்டு விற்று முடித்துவிட்டு மத்தியானம் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறோம். ஜன்னலோரப் படுக்கையறை வேண்டும் என்று ஆடினேன், அதுவும் போயிற்று. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். என் கிண்ணம் அப்படித்தான் தேயும். ஒரே அடியாகத் தோற்றதே இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்ற நிம்மதியில் கவிழ்ப்பேன், கடைசியில் பார்த்தால் கிண்ணத்தின் அடி தெரியும்.

காரணம் அத்தானின் தட்டல். பெரிதாகத் தள்ளுவதற்கு முன்னால் தன் இரண்டு சீட்டையும் குப்புற வைத்து, நடுவிரலை மடக்கி, அவற்றின் முதுகில் டொக் டொக் என்று தட்டுவார். பிறகு நிதானமாகத் தள்ளுவார். எனக்கு எமன் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் என் விரல் தானாகச் சீட்டைக் கவிழ்த்துவிடும். இப்போதும் தட்டிவிட்டுத்தான் தள்ளியிருந்தார்.

என் வீட்டுக்காரர் லேசாக இருமினார். பார்க்கச் சொல்கிற இருமலா, கவிழ்க்கச் சொல்கிற இருமலா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இருமல்னா வெளிய போய் இருமுடா," என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா, பாக்கறியா கவுக்கறியா?" என்றார்.

"இருங்க அத்தை. யோசிக்கறேன்."

"யோசிக்கட்டும்மா, என்ன அவசரம்," என்றார் அத்தான். பிறகு என்னிடம், அப்படி ஒரு பரிவான குரலில், "பாதிக் கிண்ணம் இருக்கே உங்கிட்ட. அத வச்சு இன்னும் எவ்வளவோ ஆடலாம்."

சீட்டைக் கவிழ்க்கப் போன என் விரல் அங்கேயே நின்றது. கையில் ராஜாவை வைத்திருக்கிறவருக்கு என் பாதிக் கிண்ணத்தின்மேல் என்ன இவ்வளவு அக்கறை? நான் உள்ளே வந்து விழ வேண்டும் என்றல்லவா அவர் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும்? நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, காதைச் சீட்டுப் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சாய்வை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கேயோ என்ன எங்கேயோ, இன்றைக்குக் காலையில்தான் பார்த்தேன்.

காலையில் புதுக் கம்பெனி மாவு. அத்தானுக்கு அதன் குணம் பிடிபடவில்லை. முதல் ரொட்டியை வெளியே எடுத்தார், தலைகீழாகத் திருப்பினார், நடுவிரலை மடக்கி அடியில் டொக் டொக் என்று தட்டினார், இடக்காதைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே வெந்திருந்தால் ரொட்டி காலி டப்பா மாதிரி சத்தம் கொடுக்கும், வேகாவிட்டால் மொத்தென்று இருக்கும். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் உள்ளே தள்ளினார். பழகிய மாவென்றால் அவர் தட்டவே மாட்டார். மணம் வந்ததும் கதவைத் திறப்பார், வரிசையாக எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டே இருப்பார், எனக்கு வாங்கி அடுக்கக் கை போதாது. தட்டுகிறார் என்றால் சந்தேகம். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றவளுக்கு இது தெரியாதா? தெரியும். அடுப்படியில் தெரிந்தது மேஜையில் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

பழைய ஆட்டங்களை வேகமாக நினைத்துப் பார்த்தேன். நான் துணிந்து பார்த்து, அவர் நல்ல சீட்டாகக் காட்டி என்னை அழவைத்த ஆட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்றிலாவது தட்டினாரா? இல்லை. ரொட்டியை நீட்டுகிற மாதிரி தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். தட்டிய ஆட்டங்களில் என்ன வைத்திருந்தார்? அது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் தட்டியதும் நான் கவிழ்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையைக் கவிழ்த்தேன், ஜன்னலைக் கவிழ்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அவர் பாவம், தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. என் மேல்தான். கோபத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. வேறு நாளெல்லாம் என் கணக்கு சரியாக இருந்து, இன்றைக்கு மட்டும் ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு தட்டியிருந்தால்? ஒரு தட்டலை நம்பி மொத்தத்தையும் இறக்குவதா? கவிழ்த்தால் இன்னும் ஒரு மணி நேரம் மரியாதையாக உட்கார்ந்திருக்கலாம். நடையில் என் நாற்காலி மேல் மாமியாரின் சிவப்புத் துண்டு தொங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆனது ஆகட்டும் என்று பொத்தான்களைத் தள்ளினேன்.

"பாக்கறேன்."

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அக்கா கன்னத்தில் கை வைத்தபடி உறைந்துபோனாள். அத்தான் உடனே சீட்டைத் திருப்பவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. வேகாத ரொட்டியை வாடிக்கையாளர் கடையிலேயே பிட்டுப் பார்த்துவிட்டால் ஒரு முகம் காட்டுவாரே, அதே முகம்.

"திருப்புடா," என்றார் மாமியார்.

ஒரு எட்டு. ஒரு ஏழு. இரண்டும் கறுப்பு. நடுவில் கிடந்த எதோடும் ஒட்டாத, ஊர்பேர் தெரியாத இரண்டு சீட்டு.

நான் என் ஒன்பதைத் திருப்பி நடுவிலிருந்த ஒன்பதின் பக்கத்தில் வைத்தேன். மேஜைக்கு அடியில் அக்கா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள், கன்றியே போயிருக்கும். புருஷன் தோற்றதில் அவளுக்கு இவ்வளவு குஷி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"ஏழும் எட்டும் வச்சுக்கிட்டா இந்த ஆட்டம் ஆடின?" என்றார் மாமியார்.

"எப்பவும் நடக்கறதுதானேம்மா," என்றார் அத்தான். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்து, தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். "எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?"

"என்னமோ தோணிச்சு அத்தான்."

சொல்லிக்கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? சட்டப்படி கூடாதுதான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு ஆட்டம் கேட்கலாமா என்று மாமியாரிடம் மெதுவாக விசாரிக்க வேண்டும். அக்கா மட்டும் பாத்திரம் கழுவும்போது காதோரம் வந்து, "அவரு எப்ப டூப் விடறாருன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன். சீட்டுக்கு இல்ல, வீட்டுக்கு," என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வெயில் இறங்குவதற்குள் நாற்காலி அறைக்குப் போய்விட்டது. அத்தானும் என் வீட்டுக்காரரும்தான் தூக்கினார்கள். வாசலில் திரும்பும்போது நாற்காலி தானாகச் சுழன்று அத்தான் விலாவில் ஒரு இடி கொடுத்தது. ஜன்னலுக்கு நேராகப் போட்டுத் துடைத்தேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தேன். துணியில் சுற்றி எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் துரு ஏறவில்லை.

"மொதல்ல இவன் தலைய வெட்டு," என்றார் மாமியார் வாசலில் நின்று. "எத்தனை நாளா சொல்றேன். ரொட்டில ஒரு முடி விழுந்தா கடையே நாறிப்போகும்."

அத்தான் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டினேன். மிதியை மிதித்தேன். அவ்வளவு பெரிய மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். தெருவில் போன யாரோ ஒரு பெண் ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு நின்றாள்.

"ரொம்ப எடுத்துராதம்மா," என்றார்.

"கவலப்படாதீங்க அத்தான்."

"ச்சே, எனக்கென்ன கவல. நீ நல்லா வெட்டுவன்னு தெரியாதா?"

சொல்லிவிட்டுத் தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தார். வெள்ளைத் துணிக்கு அடியில், நாற்காலியின் கைப்பிடியில், டொக் டொக் என்று சத்தம் கேட்டது. நான் அவர் தலையை நிமிர்த்தி வைத்துவிட்டு, கத்தரிக்கோலைத் திறந்தேன்.