பெரிய ஆளுக்கு ஒரு பைண்டிங்

என் கணவர் இறந்த பிறகு அவருக்கு ஸ்கீ பைண்டிங் வாங்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் எல்லா வீடுகளிலும் வாங்குவார்கள்.

மற்ற இடங்களில் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் குடையும் செருப்பும் தானம் கொடுப்பது வழக்கம். போகிறவருக்கு வழியில் உதவும். நாங்கள் இருப்பது சுவிஸ் மலையில். குருக்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"செருப்பு சரிவராது பிள்ளை. இஞ்சையிருந்து வழி நேரே மேலை. முழுக்கப் பனி."

"ஸ்கீ இருக்குது ஐயா. சப்பாத்தும் இருக்குது."

"பைண்டிங்?"

"முறிச்சுப்போட்டார்."

"எத்தினையாவது?"

"நாலாவது."



"நல்லதாப் பாத்து வாங்குங்கோ," என்றார் குருக்கள். "அடியிலை கழண்டா ஆள் அங்கையே நிண்டிடும். அங்கை நிக்கிற ஆக்களை ஒருத்தரும் வந்து கூட்டிக்கொண்டு போறேல்லை."

பைண்டிங் என்பது காலில் போடும் சப்பாத்தை ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகையோடு பிடித்து வைக்கும் உலோகம். மலை ஏறும்போது அது குதிக்காலை விட்டுவிடும், நடக்கலாம். இறங்கும்போது குதிக்காலையும் பூட்டும். விழுந்தால் காலை விட வேண்டும். விழாவிட்டால் விடக் கூடாது. ஏறுவதற்குப் பாரம் குறைவாக இருக்க வேண்டும். இறங்குவதற்கு உறுதியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு அறிந்தேன். ஒரு நாளும் ஸ்கீயில் நான் ஏறியதில்லை.

என் கணவர் பெயர் குலசிங்கம். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. கதவு நிலைகளில் குனிந்துதான் நுழைவார். நாற்பது வயதுக்கு மேல் ஸ்கீ பழகினார். பெரிய உடம்பு. வளைந்து வளைந்து இறங்கும் பொறுமை அவருக்கு இல்லை. உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடு. "விலத்து! விலத்து!" என்று கத்திக்கொண்டு வருவார். சுவிஸ்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விலகினார்கள்.

அவர் மலையில் சாகவில்லை. வீட்டு வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தார். நிமிரவில்லை.

பைண்டிங் கடை எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. நிலக்கீழ்ச் சலவை அறையில், உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் துணி தோய்க்க ஒரு நாள் உண்டு. எனக்குச் செவ்வாய். மற்ற நாட்களில் போனால் அங்கே சுவர்தான் இருக்கும். இயந்திரம் ஓடி முடிவதற்குள் வெளியே வந்துவிடவும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவருடைய சட்டைகளைப் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டேன். போன செவ்வாயும் அதே சட்டைகளைத்தான் போட்டேன். அதற்கு முந்தைய செவ்வாயும்.

கடைக்காரி ஊர்சுலா, சுவிஸ்காரி, சுத்தக் கரவெட்டி ஊர்த் தமிழ் பேசினாள். மலைக்கடைகளில் அப்படித்தான்.

"ஆளின்ரை பாரம்?"

சொன்னேன்.

"அது முந்தியான் பாரம். இப்ப எவ்வளவு?"

"தெரியாது."

"பாரம் தெரியாமல் பைண்டிங் விக்கேலாது. நிறுத்துக்கொண்டு வாங்கோ."

வீட்டில் அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் மூன்றாம் மாடிக்குப் போனேன். அங்கே விமலேந்திரன் அண்ணை இருக்கிறார். தை மாதத்தில் அவர் தராசாக மாறினார். வீட்டுக்குள் இடம் போதாதென்று மனைவி அவரைப் படிக்கட்டருகே, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போகிற வருகிற சனம் ஏறிப் பார்க்கும். அண்ணைக்கு அது பிடித்திருந்தது. மனிதராக இருந்தபோது அவரோடு யாரும் அவ்வளவு பேசியதில்லை.

"அண்ணை, இவரின்ரை பாரம் வேணும்."

"ஆளைக் கொண்டு வந்தனியோ?"

"கோட்டைக் கொண்டு வந்தனான்."

"கோட்டு கோட்டின்ரை பாரம்தான் காட்டும். விசர்க்கதை கதையாதை தங்கச்சி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நீ ஏறு."

கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி ஏறினேன். அண்ணை முனகினார்.

"என்ன, ரெண்டு பேரும் ஒண்டா ஏறுறியள்? மூச்சு முட்டுது. ஒராள் இறங்குங்கோ."

நான் அசையவில்லை. வேறு யாரும் இறங்கவும் இல்லை. படிக்கட்டு விளக்கு அதன் நேரம் முடிந்து அணைந்தது. இருட்டில் நின்றோம்.

"உன்ரையைக் கழிச்சுப் பாத்தா அவரின்ரை பழைய பாரம்தான்," என்றார் அண்ணை. "ஒரு சொட்டும் குறையேல்லை. உயிரோடை இருக்கேக்கையும் ஒவ்வொரு நாளும் விடியக் காலமை ஏறி நிண்டு என்ரை முதுகை முறிச்ச மனுசன். 'அண்ணை, உண்மையைச் சொல்லு, நேற்றுப் புட்டுத் திண்டது தெரியுதோ' எண்டு கேக்கும்."

"தெரிஞ்சுதோ?"

"தெரியாமல் என்ன. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியோடை திண்ட பாரம்."

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டோ அண்ணை?"

"நில். ஆனால் அந்தக் கோட்டைக் கீழை வை."

கீழே வைத்தேன். நின்றேன். பிறகு இயந்திரத்தின் நினைவு வந்தது.

ஊர்சுலா பாரத்தைக் கேட்டுத் தலையாட்டினாள்.

"எத்தினையாம் வகை? ஒண்டெண்டால் பயந்த ஆள். ரெண்டு நடுத்தரம். மூண்டெண்டால் மூர்க்கம்."

"மூண்டு."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. செத்த வீட்டுக்காரர் எல்லாரும் ஒண்டு எண்டுதான் சொல்லுவினம். 'தங்கமான மனுசன், சரியான பொறுமை' எண்டு. பிறகு முதல் மேட்டிலை கால் கழண்டு கிடக்கும்."

"எங்கடை ஆளுக்குப் பொறுமை இல்லை."

"நல்லது," என்றாள் ஊர்சுலா. முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் மேசையில் படிக்கற்கள்போலச் சிறிதிலிருந்து பெரிதாக ஒரு தேசிக்காய், ஒரு தோடம்பழம், ஒரு தேங்காய் இருந்தன. முதல் பைண்டிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். தேசிக்காய்ப் பாரம். குதிக்காலில் பிளாஸ்டிக். விரலால் அழுத்தினேன். வளைந்தது.

"வேண்டாம்."

கடை ஓர் அறை நீண்டது. அந்த அறையிலும் பைண்டிங்குகள் தொங்கின. இரண்டாவது தேங்காய்ப் பாரம். முறியாது. ஆனால் அதைக் காலில் கட்டிக்கொண்டு அவர் மலை ஏற வேண்டும்.

"வேண்டாம்."

கடை மறுபடி நீண்டது. தரை மெல்ல மேல்நோக்கிச் சரியத் தொடங்கியது. மூன்றாவதில் ஸ்குரூக்கள் நெருக்கமாக இருந்தன. பெரிய ஆள் மிதித்தால் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். இதுவும் சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான். வேண்டாம் என்றேன். இப்போது கடையின் மறுகோடி தெரியவில்லை. அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் சத்தம் தொலைவில் கேட்டது. அலசும் கட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது.

மெழுகு வைக்கும் அலுமாரிக்குள்ளிருந்து குருக்கள் வந்தார். வேட்டி, சால்வை, மேலே ஒரு குளிர் ஜாக்கெட். ஒல்லியான, உயரம் குறைந்த மனிதர்.

"ஏன் பிள்ளை இவ்வளவு மினக்கெடுறியள்? அந்தத் தேசிக்காயை எடுங்கோவன்."

"அது ஏறத்தான் காணும் ஐயா. இறங்கேக்கை முறிஞ்சு போகும்."

"இறங்கிறதோ?"

"ஓம்."

"பிள்ளை, உந்த வழியிலை இறக்கம் இல்லை. ஏறுறது மட்டும்தான்."

"அவர் ஏறினதே இறங்கத்தான் ஐயா. ஏற்றம் அவருக்குப் பிடிக்காது. வழி முழுக்கத் திட்டிக்கொண்டு ஏறுவார்."

"மற்றவையள் எல்லாரும் ஏறிப்போட்டு அங்கை அமைதியா இருக்கினம்."

"மற்றவையள் எல்லாரும் ஒண்டாம் வகையாம்."

குருக்கள் ஊர்சுலாவைப் பார்த்தார். ஊர்சுலா தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினாள்.

"ஒருத்தரும் இறங்கி நான் பாக்கேல்லை," என்றார் குருக்கள் மெதுவாக.

"ஒருத்தருக்கும் அதுக்குரிய பைண்டிங் குடுக்கேல்லைத்தானே ஐயா."

குருக்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நான் பனி பெய்யும் பக்கமாக நடந்தேன். மேடு கூடிக்கொண்டு போனது. இருபுறமும் பைண்டிங்குகள் தொங்கின. ஒவ்வொன்றையும் எடுத்துக் குதிக்கால் பக்கத்தைக் கையால் அழுத்தினேன். என் கணவர் புதிய பைண்டிங் வாங்கினால் வரவேற்பறைக் கம்பளத்தில் ஸ்கீயை வைப்பார். சப்பாத்தைப் போடுவார். "இஞ்சை வாரும், என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு குதிக்காலிலை ஒருக்கா மிதியும்," என்பார். அவர் பாரம் மட்டும் போதுமானது. ஆனாலும் நான்தான் மிதிக்க வேண்டும். டக் என்று ஒரு சத்தம் வரும். சன்னமாக இருந்தால் முகம் சுருங்கும். நல்ல சத்தம் எதுவென்று எனக்குத் தெரியும்.

சில சத்தமே போடவில்லை. சில பூனைபோலக் கத்தின. ஒன்று மன்னிப்புக் கேட்டது.

கடைசிக் கொக்கியில் ஒன்று தனியாகத் தொங்கியது. மேலே பனி படிந்திருந்தது. முன்னால் சப்பாத்தின் நுனியைக் கவ்வ இரண்டு உருக்கு முனைகள். ஸ்குரூக்கள் அகலமாக. பிளாஸ்டிக் எங்கேயும் இல்லை. கையில் எடுத்தேன். தோடம்பழப் பாரம். கீழே வைத்து மிதித்தேன்.

டக்.

என் கை பக்கத்தில் அவருடைய தோளைப் பிடிக்கப் போனது. அங்கே பனிதான் பெய்தது.

அதை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். இறக்கம் குறுகியதாக இருந்தது.

ஊர்சுலா ஸ்குரூ முறுக்கியை எடுத்தாள். பைண்டிங்கில் ஒரு சிறிய இலக்கப் பட்டை உண்டு. எவ்வளவு பலமாக விழுந்தால் காலை விட வேண்டும் என்பதை அதில் வைக்க வேண்டும்.

"ஆருக்கு வைக்கிறது?" என்று கேட்டாள். "போகிற ஆளுக்கோ, போடுகிற ஆளுக்கோ?"

போடப்போவது குருக்கள். தானம் வாங்குகிறவர்தான் இறந்தவருக்காக அதை அணிந்து முதல் மேடுவரை ஏறிக் காட்ட வேண்டும். குருக்களுக்குச் சரியாக வைத்தால் என் கணவருக்கு அது முதல் அடியிலேயே கழன்றுவிடும். என் கணவருக்குச் சரியாக வைத்தால் குருக்கள் விழும்போது அது விடாது.

"விடாட்டி?" என்றார் குருக்கள்.

"கால் முறியும்," என்றாள் ஊர்சுலா.

"எந்தக் கால்?"

"விழுகிற பக்கத்தைப் பொறுத்தது."

குருக்கள் தன் இரண்டு கால்களையும் பார்த்தார். வேட்டிக்குக் கீழே அவை மெல்லியதாக இருந்தன.

"நடுவிலை ஒரு இலக்கம் வைக்கேலாதோ?"

"வைக்கலாம். ரெண்டு பேருக்கும் பிழையா இருக்கும்."

 குருக்களின் காலைப் பணயம் வைக்கக் கேட்க எனக்கு உரிமை இல்லை. சலவை இயந்திரம் கடைசிச் சுழற்சிக்கு வந்து அலறியது. சுவர் ஒரு ஓரத்திலிருந்து மூடத் தொடங்கியது.

"ஒருக்கா நான் கோயிலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு அந்தச் சரிவுக்குக் கீழாலை நடந்து போனனான்," என்றார் குருக்கள். "மேலையிருந்து உங்கடை மனுசன் 'விலத்து ஐயா, விலத்து' எண்டு கத்திக்கொண்டு வந்தார். நான் விலத்தினன். வாழைப்பழம் முழுக்கப் பனிக்குள்ளை. பிறகு வந்து ஒவ்வொண்டாப் பொறுக்கித் தந்தவர்." கொஞ்சம் யோசித்தார். "அவருக்கே வையுங்கோ. நான் விழாமல் பாக்கிறன்."

ஊர்சுலா முறுக்கினாள். நாங்கள் வெளியே வந்ததும் சுவர் மூடிக்கொண்டது. சட்டைகள் நின்றுபோன இயந்திரத்துக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன.

அந்தியேட்டியன்று கிரியைகள் முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்துதான் சரிவு தொடங்குகிறது. குருக்கள் என் கணவரின் சப்பாத்தைப் போட்டார். அவருடைய காலுக்கு அது தோணி மாதிரி இருந்தது. ஸ்கீயில் ஏறினார். டக். மற்றக் கால். டக்.

முதல் இரண்டு அடிகள் தட்டுத்தடுமாறி வைத்தார். பிறகு பனி அவருக்குக் கீழே ஆழமாக அமிழ்ந்தது. அடுத்த அடி இன்னும் ஆழமாக. குளிர் ஜாக்கெட்டின் முதுகு இறுகியது. தோள் அகலமானது. வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியது. நடந்துகொண்டே ஏற்றத்தைத் திட்டுவது எனக்குக் கேட்டது. மந்திரம் சொல்லும் குரல் இல்லை அது.

கூப்பிட நினைத்தேன். பெயர் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதில்லை. "இஞ்சருங்கோ," என்றேன். ஏறும்போது அவர் பின்னால் பார்ப்பதில்லை. மூச்சு வாங்கும் என்பார்.

முதல் மேட்டுக்கு அப்பால் மறைந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் குருக்கள் வந்துவிட்டார். காலுறைகளோடு, நனைந்து, பழைய அளவில். பந்தியில் உட்கார்ந்து இரண்டு வடை சாப்பிட்டார்.

"ஸ்கீ எங்கை ஐயா?"

"போகுது."

"கழண்டதோ?"

"கழரேல்லை பிள்ளை. பைண்டிங் விடேல்லை. நான்தான் சப்பாத்துக்குள்ளாலை காலை இழுத்துக்கொண்டு வந்தனான்." சுடுதண்ணீர் குடித்தார். "நல்ல சாமான்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மூன்றாம் மாடியில் நின்றேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். அண்ணை முனகவில்லை. 

"சொல்லுங்கோ அண்ணை."

"உன்ரை பாரம்தான் தங்கச்சி."

"வடிவாப் பாருங்கோ."

"பாத்திட்டன்." விளக்கு அணைந்தது. "வேணுமெண்டால் அவரின்ரை கோட்டைக் கொண்டுவந்து கையிலை வைச்சுக்கொண்டு நில். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

சலவை அறையில் இப்போது என் நாளிலும் சுவர்தான் இருக்கிறது. தட்டிப் பார்த்தேன். ஒருமுறை உள்ளேயிருந்து தோடம்பழ மணம் வந்தது.

பின்னேரங்களில் நான் அந்தச் சரிவின் அடியில் போய் நிற்கிறேன். போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவேன். பால் கூடுதலாக, சீனி கூடுதலாக, அவர் குடிக்கிற மாதிரி. சிறு பிள்ளைகள் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். நடுவில் விளையாட வேண்டாம், ஓரமாகப் போங்கள் என்று சொல்வேன். ஏனென்று கேட்பார்கள். ஆள் பெரிசு, நேரே வருவார் என்பேன். அவர்கள் மேலே பார்ப்பார்கள். பிறகு ஓரமாகப் போவார்கள். எனக்காகப் போகிறார்களா தெரியாது.

நானும் வழியிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன்.