பவளமேட்டுக்குப் பொன்னாடை

பவளமேடு சிங்கப்பூர் நண்பர்கள் சங்கத்தின் தலைவர் மருதப்பனுக்கு அந்த ஊரில் ஒரு முழம் நிலம்கூடக் கிடையாது. அவருடைய அப்பா சின்னத்தம்பி கப்பலேறிய பிறகு ஊரைத் திரும்பிப் பார்த்ததும் இல்லை. கிளம்புவதற்கு முன் மேட்டைத் தோண்டி இரண்டு வண்டி பழஞ்செங்கல்லை அள்ளிப்போய் மாட்டுக்கொட்டகை கட்டினாரே, தொல்லியலுக்கு அவர் ஆற்றிய தொண்டு அதுதான்.

இப்போது அதே மேட்டை முறையாக அகழ்ந்து, பாசிமணிகள் செய்த பழைய உலைகளைக் கண்டெடுத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு வருகையாளர் நிலையமும் எழும்பியிருந்தது. அதற்குத் தன் அப்பாவின் பெயரை வைப்பது என்று மருதப்பன் ஏகமனதாக முடிவு செய்திருந்தார். நன்கொடையாளர் விருந்தில் அதைச் சங்கத்தின் விருப்பம் என்று அறிவிப்பது மட்டும் பாக்கி.

நிலையத்தை உண்மையில் உருவாக்கியவள் ரஷீதா. சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் துணைப்பாட வகுப்பு நடத்துபவள். சங்கத்தின் செயலாளராக இருந்தவள். பள்ளி விடுமுறைகளையெல்லாம் பவளமேட்டில் கழித்து, நிலையத்தை ஊர்ப் பெண்களே நடத்துவது என்று பேசி முடித்தவள் அவள்தான். உலைகளைப் பற்றி விளக்குவது, வாசலில் சீட்டுக் கொடுப்பது, தேநீர்க் கடை எல்லாமே லட்சுமி என்பவளின் தலைமையில் அந்தப் பெண்கள் கையில். இதைப் பத்திரிகைப் பேட்டியில் மருதப்பன், "என் நெடுநாள் கனவு" என்றார். கனவு அச்சானதும், இளையர்களுக்கு வழிவிட வேண்டும் என்று ரஷீதாவை நீக்கிவிட்டுத் தன் அண்ணன் மகள் ரக்ஷனாவைச் செயலாளராக்கினார்.

ரக்ஷனாவின் தமிழ் மேடைக்கு ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் அவரே ரஷீதாவுக்குப் போன் செய்து, விருந்து நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும்படி கேட்டார்.

"மேடைல உங்களுக்கு நாற்காலி போடலம்மா. நீங்க எப்படியும் நின்னுக்கிட்டேதானே இருப்பீங்க," என்றார். இன்னொன்றும் சொன்னார். போன தடவை நன்கொடையாளர் ஒருவருக்குப் பொன்னாடை போட மறந்ததில், அவர் சொந்தபந்தத்தோடு வேறு சங்கத்துக்குப் போய்விட்டாராம். இந்த முறை யாரையும் விட்டுவிடக் கூடாது.

"யாரையும் விட மாட்டேன் ஐயா," என்றாள் ரஷீதா.

பெயர் விஷயத்தை ரக்ஷனாதான் அவளிடம் உளறியிருந்தாள். நிலையத்தின் பெயர்ப்பலகை எழுதுகிறவர் விருந்தன்று மாலையில்தான் வருகிறார் என்று லட்சுமியும் சொல்லியிருந்தாள். சிங்கப்பூர்க்காரர்கள் பெயர் சொன்னால் மரியாதைக்கு அதையே எழுதுவார்களாம். சொல்லாவிட்டால் ஊர்ப் பெயர்தானாம். ரஷீதா நினைத்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி முறையிட்டிருக்கலாம். அவளுக்கு முறையீட்டில் விருப்பமில்லை. அப்பா பெயர் வேண்டாம் என்று மருதப்பனே தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் பத்துப் பேர் பார்க்க.

விருந்து லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடியில். சிறப்பு விருந்தினர் ஏதோ ஒரு வாரியத்தில் ஏதோ ஒரு துணைத் தலைவர். மருதப்பனுக்கு முதலிலேயே ஏழெட்டுப் பொன்னாடைகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை அவரே வாங்கி உறவினர்களிடம் கொடுத்து வைத்திருந்தார். ஒன்றைக்கூடக் கழற்றாமல் போர்த்திக்கொண்டு, குளிர்சாதன அறையிலும் வியர்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ரஷீதா வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு மேசையாகப் போய், ஒலிவாங்கியை அணைக்காமலே மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, குவீன்ஸ்டவுன் அண்ணன் வந்திருக்காரு. நேரமாச்சு, இவரை விட்டுடலாமா?"

குவீன்ஸ்டவுன் அண்ணன் கறிபஃபைக் கீழே வைத்துவிட்டு மருதப்பனைப் பார்த்தார். அவரை மேடைக்கு அழைப்பதைத் தவிர மருதப்பனுக்கு வேறு வழியில்லை. வந்தவரைப் 'பவளமேட்டின் தூண்' என்று புகழ்ந்த ரஷீதா, இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிவாங்கியையும் நீட்டினாள். இரண்டு வார்த்தை அவருடைய இதய அறுவை சிகிச்சை வரைக்கும் போனது. அடுத்த மேசையிலும் ஒரு தூண் இருந்தது. அதற்கடுத்த மேசையில் மூன்று.

சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கும்பிட்டார், போய்விட்டார்.

பொருளாளர் நாகூர் கனி வேர்க்க விறுவிறுக்க வந்து, பொன்னாடை தீர்ந்துவிட்டது என்று ரஷீதாவின் காதில் சொன்னார். அவள் அதைச் சபைக்கே சொன்னாள்.

"கவலை வேண்டாம். நம் தலைவர் தமக்கு வந்த பொன்னாடையையே கழற்றி அணிவிப்பார்கள். அந்தப் பெருந்தன்மைக்குப் பலத்த கரவொலி எழுப்புவோம்."

கரவொலி எழுந்தது. மருதப்பன் ஒன்றைக் கழற்றினார். உட்லண்ட்ஸ் வட்டாரத்துக்காரர்கள் வரிசையில் வந்தார்கள். சிவப்பு போனது, பச்சை போனது, சரிகை போட்ட ஊதாவைக் கொடுக்கும்போது மட்டும் அவர் விரல்கள் சற்றுத் தயங்கின. கடைசியில் சட்டையோடு நின்றார். சட்டைப் பையில் ஒரு பேனா மட்டும் இருந்தது.

"எம்மா, போதும்மா. பாவம்லா," என்றார் நாகூர் கனி தாழ்ந்த குரலில்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. தலைவர் உரை இன்னும் இருக்கு."

மருதப்பன் ஒலிவாங்கியைப் பிடித்தார். எல்லாத் தூண்களையும் பெயர் சொல்லி விளித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. பிரியாணி மணம் படியேறி வந்துவிட்டது. ஆனாலும் யாரும் எழவில்லை. போர்த்திய பொன்னாடையோடு பிரியாணிக்கு ஓட யாருக்கும் மனம் வரவில்லை.

"ஆகவே, அந்த நிலையத்துக்கு ஒரு பெயர்..." என்று மருதப்பன் தொடங்கினார்.

"பேரா?" என்றார் முன்வரிசையில் குவீன்ஸ்டவுன் அண்ணன். "எங்க அத்தாகூட அந்த ஊர்லதான் பொறந்தாரு."

உட்லண்ட்ஸ் பக்கமிருந்து இன்னொருவர், தன் பெரியப்பா மேட்டுக்கு எதிர்வீட்டில் பிறந்தவர் என்றார். இத்தனை நேரம் தூண் என்று கேட்டுக் கேட்டு அவர்களும் அதை நம்பியிருந்தார்கள். கூரை எந்தத் தூணின் பெயரில் என்று அறிய எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். மருதப்பன் தண்ணீர் குடித்தார்.

அந்த நேரத்தில் ரஷீதாவின் போன் அடித்தது. அவள் மேடையேறி அதை ஸ்பீக்கரில் போட்டு ஒலிவாங்கியின் அருகில் பிடித்தாள்.

"அக்கா, லட்சுமி பேசுறேன். பெயின்டர் ஏணில நிக்கிறாரு. அங்க ஏதும் பேரு முடிவாச்சா? இல்லன்னா ஊருப் பேரையே எழுதிரட்டுமா?"

"தலைவரே பக்கத்துல இருக்காரு லட்சுமி. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. அவரே சொல்லுவாரு."

மருதப்பன் வாயைத் திறந்தார். அப்பாவின் பெயரில் முதல் எழுத்து உதட்டுக்கு வந்ததை ரஷீதா பார்த்தாள். அவர் முன்வரிசையைப் பார்த்தார். தன் சிவப்பையும் பச்சையையும் ஊதாவையும் போர்த்திக்கொண்டு, அடுத்த ஆண்டின் நன்கொடை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது.

"ஊர்ப் பேரே போதும்," என்றார்.

"என்னங்க ஐயா? சரியா கேக்கல," என்றது பவளமேடு.

ரஷீதா போனை அவர் வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க ஐயா," என்றாள் மிகப் பணிவாக. "பெயின்டர் ஏணில நிக்கிறாரு."