இடது கை தூக்கியவர்கள்

ஏழாம் வகுப்பு மொத்தமும் ஆங்கிலப் பாடத்தில் கை தூக்குகிறது என்றால் அதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று தலைமையாசிரியை செபாஸ்தியம்மாள் முடிவு கட்டிவிட்டார். எரியோடு பக்கத்துக் காட்டுவேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இங்கிலீஷில் கேள்வி கேட்டால் மேசைக்கடியில் பேனாவைத் தேடுகிறவர்கள். திண்டுக்கல்லிலிருந்து கமர்ஜஹான் என்ற புது டீச்சர் வந்து நாலே மாதத்தில் நாற்பது கையும் மேலே போகிறதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

புதன்கிழமை ஜன்னலோரம் நின்று பார்த்தார். கமர்ஜஹான் கேள்வி கேட்டதும் பாதிப் பேர் வலது கையைத் தூக்கினார்கள், மீதிப் பேர் இடது கையை. அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. தெரிந்தவன் வலது, தெரியாதவன் இடது. வலது கையை மட்டும் எழுப்பிப் பதில் கேட்டால், திங்கட்கிழமை ஆய்வுக்கு வரும் அதிகாரி மெச்சிக்கொண்டு போவார். இந்த வித்தையைச் செபாஸ்தியம்மாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருடம் இதே வித்தையில்தான் அவர் நல்ல பெயர் வாங்கியிருந்தார். ஆனால் இன்னொருத்தி செய்கிறாள் என்றதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்வாளா? தான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லையே.

கமர்ஜஹானின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் தாளாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரியை ஏமாற்றப் பிள்ளைகளைப் பழக்குகிறார், இவரை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தாளாளருக்குக் கடிதம் எழுதி, வியாழக்கிழமை காலையில் தன் கையாலேயே தபால்பெட்டியில் போட்டார். அன்று மதியம், கையும் களவுமாகப் பிடித்துவிடும் ஆசையில் வகுப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்.

"வாட் டிட் த போஸ்ட்மேன் பிரிங்?" என்று கமர்ஜஹான் கேட்டார். கைகள் எழுந்தன. இடது கை தூக்கியிருந்த பெரியகருப்பனைச் செபாஸ்தியம்மாள் காட்டினார்.

"ஏலே, நீ சொல்லு."

அவன் பதறவில்லை. "ஐ டோன்ட் நோ. ப்ளீஸ் ஹெல்ப் மீ" என்றான். சொல்லிவிட்டு, வலது கை தூக்கியிருந்த ஹாஃபிஸா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினாள். வகுப்பு முழுக்க இடது கைகள் வலது கைகளைத் தேடிப் போய் உட்கார்ந்திருந்தன.

"என்னம்மா கூத்து இது?"

"செத்த நேரம் பாருங்க பெரிய டீச்சர். தெரிஞ்ச பிள்ளைக சொல்லித்தரும், பதில் மட்டும் இடது கைதான் சொல்லணும். தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டா இங்கிலீஷ் எப்படி வரும்?"

பெரியகருப்பன் எழுந்தான். "ஹி பிராட் எ லெட்டர்."

செபாஸ்தியம்மாள் எழுந்து தபால்பெட்டிக்கு விரைந்தார். அதைக் காலி செய்துகொண்டு போய்விட்டிருந்தார்கள்.

நாலு மணி பஸ்ஸில் திண்டுக்கல்லில் இருக்கும் தாளாளர் வீட்டுக்குக் கிளம்பினார். கடிதம் தப்பு என்று சொல்வது சுலபம். எதை வைத்துச் சந்தேகப்பட்டீர்கள் என்று தாளாளர் கேட்பாரே! ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. வழி நெடுக வேறு பதில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"என்ன டீச்சர், திடீர்னு?" என்றபடி தாளாளர் கதவைத் திறந்தார்.

"நாளைக்கு என் கடுதாசி ஒண்ணு வரும் சார். அதுல அந்தப் பிள்ளை கமர்ஜஹான் பேரு இருக்கும்" என்றார் செபாஸ்தியம்மாள். "அதை அடிச்சுட்டு என் பேரை எழுதிக்கங்க."